யார் அந்த ‘நாட்டார்’? வாசகர் கேள்வி – பதில்

பருவத் தேர்வுக்கான களப்பணி ஏடுகளை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குவதாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. தமிழ்த் துறைகளிலும் சில பள்ளிகளிலும் மாணவர்களிடம் கொடுக்கப்படும் வழக்காறு சேகரிப்புப் பணிதான் அது. கதை, பாட்டு, பழமொழி, நம்பிக்கை என மக்களிடையே வழங்கிவருபவையே வழக்காறுகள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வழக்காறு சேகரித்து வரச் சொல்லி எங்கள் துறையில் பணி கொடுத்திருக்கிறார்கள். தோழியர் எல்லாரும் தங்கள் பாட்டி ஊருக்குப் போகிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது நகரத்தில். இப்போது இருப்பது கல்லூரி விடுதியில். எனக்குப் போவதற்கு ஊரே இல்லையே, நான் எங்கே சேகரிப்பது?
— இளங்கலை மாணவி, கோவில்பட்டி

பதில்: விடுதியிலேயே சேகரியுங்கள். வழக்காறுகளை ஆராயும் துறைக்கு வழங்கும் ‘நாட்டுப்புறவியல்’ என்ற பெயரில் இருக்கும் ‘புறம்’ நம்மைத் தானாகவே ஊருக்கு வெளியே அனுப்பிவிடுகிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரிப் பேராசிரியர் தே. லூர்து போன்றவர்கள் ‘நாட்டார் வழக்காற்றியல்’ என்ற பெயரைக் கையாண்டதில் எனக்குத் தெரியும் நன்மை இதுதான்: அந்தப் பெயர் இடத்தைச் சுட்டாமல் மக்களைச் சுட்டுகிறது. அந்த மக்கள் யார் என்ற கேள்விக்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1963 முதல் 2005இல் இறக்கும்வரை பாடம் நடத்திய ஆலன் டண்டிஸ் ஓர் எளிய விடை தந்தார். தொழில், மொழி, சமயம் என எதுவானாலும், குறைந்தது ஒரு பொதுக்கூறு தங்களை இணைக்கிறது என்று சொல்லக்கூடிய எந்தக் கூட்டமும் நாட்டாரே என்றும், அக்கூட்டம் தனக்கே உரியதென்று கொள்ளும் சில மரபுகளை வைத்திருக்கும் என்றும் அவர் கருதினார். அவருடைய வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் 40 வழக்காறுகளைச் சேகரித்து ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு ஆண்டுதோறும் சேர்ந்த தாள்களே அங்கே ஒரு பெரிய ஆவணக் காப்பகமாக வளர்ந்தன.

உங்கள் விடுதியில் 40 என்ன, 100கூடக் கிடைக்கும். காப்பாளருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர், வியாழக்கிழமைச் சாம்பாருக்கு வைத்திருக்கும் பெயர், பூட்டியே கிடக்கும் அறையைப் பற்றி முதலாண்டு மாணவியரிடம் மட்டும் சொல்லப்படும் பேய்க்கதை, தேர்வன்று எந்தப் பேனாவை எடுப்பது, யார் முகத்தில் விழிப்பது என்ற நம்பிக்கைகள் ஆகிய அனைத்தும் வழக்காறுகளே. சென்னையில் சில கல்லூரி மாணவர்கள், தாங்கள் ஏறும் பேருந்துத் தடத்தையே கூட்டத்தின் பெயராகக் கொண்டு, அதற்கு ஒரு ‘ரூட்டு தல’யை ஏற்று, பேருந்தின் தகரத்தில் தாளம் தட்டிக் கானா பாடி, ‘பஸ் டே’ கொண்டாடி, அடுத்த தடத்தாரோடு மோதிக் காவல் நிலையம் வரை போன கதை நமக்கெல்லாம் தெரியும். அதைச் செய்தித்தாள்கள் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே எழுதின. அந்தத் தடத்துக்குரிய பாட்டு எது, தலைமை எவ்வாறு கைமாறுகிறது என்பனவற்றை அதே பேருந்தில் போகும் ஒரு மாணவரால்தான் நிதானமாக எழுத முடியும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இத்தகைய பணியைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சக ஆசிரியர்கள், ‘பிள்ளைகள் எழுதித் தருவதை யார் நம்புவார்கள்?’ என்கிறார்கள். இதற்கு முன்மாதிரி உண்டா?
— தமிழாசிரியர், மன்னார்குடி

பதில்: ஒரு நாடே முன்மாதிரியாக இருக்கிறது. அயர்லாந்தில் 1935இல் அமைக்கப்பட்ட நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புகளில் படித்த, ஏறத்தாழ 11 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. 26 மாவட்டங்களில் சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 பிள்ளைகள் அதில் ஈடுபட்டார்கள். வழக்கமான கட்டுரைப் பயிற்சிக்குப் பதிலாக, ஆசிரியர் கையிலிருந்த சிறு நூலிலிருந்து வாரம் ஒரு தலைப்பு தரப்படும். பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாத்தாவையோ பாட்டியையோ பக்கத்து வீட்டு முதியவரையோ கேட்டு வந்து எழுதும். புதையல் கதைகள், வானிலைக் குறிகள், கைமருந்து, புனிதக் கிணறுகள் எனத் தலைப்புகள் நீண்டன. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சமும் ஒரு தலைப்பு. பஞ்சத்தை நேரில் கண்டவர்களின் மகன்களும் மகள்களும் அப்போது உயிரோடிருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்பது விளங்கும். மொத்தம் ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. இன்று அவை இணையத்தில் இருக்கின்றன. அந்தக் கையெழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள்.

உங்கள் சக ஆசிரியர்களின் ஐயத்தையும் நான் தள்ளிவிடமாட்டேன். அந்தத் தொகுப்பிலும் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பக்கங்கள் உண்டு. எது நல்லது என்று ஆசிரியர் தேர்ந்தெடுத்துப் பெரிய ஏட்டில் படியெடுக்கச் செய்ததால், அவருடைய ருசியும் அதில் கலந்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு. டப்ளின் முதலிய பெருநகரப் பள்ளிகளுக்கு அந்தப் பணியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1922இல் தனி ஆட்சி பெற்ற நாடு தன் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த அடையாளம் வயலிலும் அடுப்பங்கரையிலும் இருக்கிறது, தொழிற்சாலைத் தெருவில் இல்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு தேடியது. மேலே கோவில்பட்டி மாணவிக்கு வந்த தயக்கமும் அதே முடிவின் தொலைதூர எதிரொலிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அயர்லாந்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்களைக் கேட்டு எழுதினார்கள். பிரிட்டனில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதியர் சுமார் 5,000 பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கே உரிய பாட்டு, கேலி, சூளுரை, விளையாட்டுச் சட்டம் ஆகியவற்றைத் திரட்டி 1959இல் நூலாக்கினார்கள். உங்கள் எட்டாம் வகுப்பில் இரண்டையும் செய்யலாம். ஆனால் இரண்டாவதற்கு நீங்கள் சற்று விலகி நிற்க வேண்டியிருக்கும். இடைவேளையில் பாடுகிற பாட்டை எந்தப் பிள்ளையும் வாத்தியார் காதுபடப் பாடாது.

கேள்வி: சேகரித்ததை எவ்வாறு எழுதுவது? வரிசை எண் போட்டுப் பழமொழிகளைப் பட்டியலிட்டால் போதுமா?
— முதுகலை மாணவர், விருதுநகர்

பதில்: போதாது. நான் மாணவனாக இருந்தபோது 100 பழமொழிகள் கேட்டார்கள். வீட்டில் கிடந்த ஒரு தொகுப்பைப் பார்த்து ஒரே இரவில் எழுதிக் கொடுத்தேன், மதிப்பெண்ணும் குறைவில்லாமல் வந்தது. அந்த ஏட்டால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதைப் பட்டியலில் எழுதினால் அது எல்லாருக்கும் தெரிந்த ஒரு வரி. அதையே, மேலாளர் செய்த தவற்றுக்குத் தன்மேல் விளக்கக் கடிதம் கேட்கப்பட்ட ஓர் எழுத்தர், தேநீர்க் கடையில் இரண்டு சக ஊழியர்களிடம், மேலாளர் பெயரைச் சொல்லாமல் சொன்னார் என்று எழுதினால், அந்த அலுவலகத்தில் யார் யாருக்கு அஞ்சுகிறார்கள், யார் யாரோடு சேர்ந்தவர் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறது. ஆகவே, சொன்னது என்ன, எந்தக் குரலில் எந்த வட்டார ஒலியோடு சொன்னார், யாரிடம், எங்கே, எப்போது, ஏன் சொன்னார் என்பனவற்றைக் குறியுங்கள். முக்கியமாக, அதற்கு என்ன பொருள் என்று சொன்னவரையே கேளுங்கள். உங்கள் விளக்கமும் அவர் விளக்கமும் பொருந்தாமல் போனால் இரண்டையும் எழுதுங்கள். பொருந்தாத இடம்தான் பெரும்பாலும் ஆய்வு தொடங்கும் இடம்.

வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1960களில் நாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோது அவருக்காக ஊர் ஊராகத் திரிந்தவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. பாடலின் கீழே சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் குறித்ததனால்தான் அவை இன்றும் சான்றாகப் பயன்படுகின்றன. நீங்கள் விருதுநகர்க்காரர் என்பதால் ஒரு சிறு குறிப்பு: உங்கள் பக்கத்து முதியவர்களிடம் ‘பழமொழி சொல்லுங்கள்’ என்று கேட்டால் பள்ளிக்கூடப் பழமொழிதான் வரும், ‘சொலவடை’ என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் சேகரிப்பில் சில சாதிகளை இழிவாகப் பேசும் சொலவடைகள் நிறைய வந்துவிட்டன. நெறியாளர் நீக்கிவிடச் சொல்கிறார். நீக்குவது பொய்யாகாதா?
— ஆய்வு மாணவி, ஊர் பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் நெறியாளரின் அச்சம் நியாயமானது, நீக்குவதுதான் அதற்கு மருந்து என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஒரு கூட்டம் தன்னை ‘நாம்’ என்று உணர்வதற்கு ‘அவர்கள்’ என்று ஒரு கூட்டத்தை எதிரே நிறுத்திக்கொள்வது வழக்கம். விடுதியில் அது அடுத்த தளத்து மாணவியரைப் பற்றிய கேலியாக முடிந்துவிடும். நம் ஊர்களில் அது சாதியாக, தெருவாக, தண்ணீர்க் குழாயாக நீள்கிறது. ‘நம் மண்ணின் மணம்’ என்று எழுதப்படும் முன்னுரைகள் இதைத்தான் மறைக்கின்றன.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. நெல்லைப் பகுதியில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதையில், பிராமணனாகிய பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் தொழிலையும் ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு பொருது இறக்கிறான். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணருக்குப் பிறந்து சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்று கதை பின்னர் திருத்தப்பட்டதை வானமாமலை எடுத்துக்காட்டினார். ஒரே ஒரு பிறப்புக் கதையைச் செருகியதில், சாதியை மீறிய ஒரு மணம் சாதிக்குள் அடங்கிய மணமாகிவிட்டது. வெவ்வேறு வடிவங்கள் எஞ்சியிருந்ததால்தான் அந்தத் திருத்தம் திருத்தம் என்று தெரிந்தது.

ஆகவே எழுதி வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் எல்லார் கையிலும் கொடுக்காதீர்கள். அந்தப் பகுதியைத் தனி இணைப்பாக்கி, ஆய்வாளர் பார்வைக்கு மட்டும் என்று குறித்துத் துறையில் ஒப்படையுங்கள். சொன்னவரின் பெயரையும் ஊரையும் அடையாளம் தெரியாதவாறு மாற்றுங்கள். அவர் எந்தச் சாதியினரைப் பற்றி, எந்தச் சாதியினராக இருந்து சொன்னார் என்பதை மாற்றாதீர்கள். மிக முக்கியமாக, இழிவு செய்யப்பட்டவர்களின் தெருவுக்கும் போங்கள். அவர்கள் பதிலுக்குச் சொல்லும் சொலவடைகள் இருக்கும். அவை பெரும்பாலும் கூர்மையாகவும் சிரிப்பாகவும் இருக்கும். அவையில்லாத சேகரிப்பு ஒருபக்கச் சாட்சியம்.

கேள்வி: போன தை மாதம் ஒரு கல்லூரிப் பிள்ளை வந்து நான் பாடிய ஒப்பாரியை போனில் பதிந்துகொண்டு போனது. இப்போது அதை இணையத்தில் போட்டிருப்பதாகப் பேரன் சொல்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது முறையா?
— குடும்பத் தலைவி, திருமங்கலம் அருகே

பதில்: முறையில்லை அம்மா. பாடுகிறவருக்குத் தம் பாட்டின்மேல் நிகழ்த்துநர் உரிமை உண்டு என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. அது 50 ஆண்டுகளுக்குச் செல்லும். உண்மையான கல்விக்காகவும் ஆய்வுக்காகவும் மட்டும் பதிந்துகொள்வதற்கு அச்சட்டம் இடம் தருகிறது. ஊர் உலகம் பார்க்க ஏற்றுவது அந்த விலக்குக்குள் வராது. அந்தப் பிள்ளையின் துறைத் தலைவருக்குப் பேரனை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இழவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்று நம்புகிற பெண்கள் பலர். உங்களுக்காகப் பாட ஒப்புக்கொண்டவர் கண்மாய்க்கரைக்கோ தோட்டத்துக்கோ கூட்டிப்போய்ப் பாடியிருக்கலாம். பாடிக்கொண்டே இறந்துபோன தன் மகனை நினைத்து நிஜமாகவே அழுதிருக்கலாம். அந்த அழுகைக்கு அவர் உங்களை மட்டுமே சாட்சியாக்கினார்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதும் வழக்காறா?
— வாசகர், தாராபுரம்

பதில்: ஆம். அலுவலகங்களில் நகலெடுத்துச் சுவரில் ஒட்டப்பட்ட நையாண்டித் தாள்களை டண்டிஸும் கார்ல் பேக்டரும் 1975லேயே தொகுத்து நூலாக்கிவிட்டார்கள். உங்கள் குடும்பக் குழுவில் வரும் ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால்’ என்னும் மிரட்டலுக்கு அஞ்சலட்டையில் வந்த மூதாதைகள் உண்டு. யார் அனுப்பினார், யார் பயந்து மறுபடி அனுப்பினார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

கேள்வி: மதிப்பெண் போட்ட பிறகு இந்த ஏடுகள் என்ன ஆகின்றன?
— ஓய்வுபெற்ற பேராசிரியர், தஞ்சாவூர்

பதில்: உங்களுக்குத் தெரியாததா, ஐயா! துறை அலமாரி நிறைந்ததும் வராந்தாவுக்கும், வராந்தாவிலிருந்து பழைய தாள் கடைக்கும் போகின்றன. அயர்லாந்துப் பிள்ளைகளின் ஏடுகள் மழைக்கும் எலிக்கும் தப்பியது யாரோ ஒருவர் அவற்றை வாங்கி, எண்ணிட்டு, பிணைத்து, அட்டவணை போட்டதால்தான். எல்லாத் துறைக்கும் அதற்கு ஆளும் பணமும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது சேகரிப்புக்குப் பதிலாக, முந்தைய ஆண்டுகளின் ஏடுகளுக்கு ஊர்வாரியாக அட்டவணை தயாரிக்கும் பணியில் அமர்த்தி, அதற்கும் அதே மதிப்பெண் தரலாம். ஒவ்வொரு ஏட்டுக்கும் இரண்டாவது படி ஒன்று எடுத்து, சொன்னவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வரும் வழக்கத்தையும் தொடங்கலாம். தாள் கடைக்காரருக்குப் போய்ச் சேராத படி அதுவாகத்தான் இருக்கும்.