எம், கே, செமி, கே, எச்

கேள்வி: மகனுக்குக் கண் பார்வை ரொம்பக் குறைவு. தரம் 10 படிக்கிறான். டீச்சர் வாட்ஸ்அப் குரூப்பில் நோட்ஸ் போடுகிறார். போனில் வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுக் கொடுத்தோம். சிலதைத் தொட்டால் "படம்" என்று மட்டும் சொல்கிறது. சிலதை இங்கிலீஷ் எழுத்தாகச் சொல்கிறது. போன் பழுதா? நான் கொழுந்துக்குப் போகிறவள், புதிது வாங்க வசதியில்லை. (ஒரு தாய், மஸ்கெலியா)

பதில்: புதுப் போன் வேண்டாம் தங்கச்சி. பழுது போனில் இல்லை, நோட்ஸில்.

அந்த இங்கிலீஷ் எழுத்துக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். ஹட்டன் பக்கம் படிப்பித்த காலமெல்லாம் வினாத்தாளைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடித்தேன். பார்வையில்லாத மாணவன் ஒருவன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் போட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்து, "சேர், நீங்க தந்ததைக் கேளுங்க" என்று எழுத்தெழுத்தாக நகர்த்தினான். தாளில் முதல் சொல் 'அம்மா'. மெஷின் சொன்னது: எம், கே, செமி, கே, எச். நான் சிரித்துவிட்டேன். "இதை வைச்சு எப்படி சேர் தவணைப் பரீட்சை எழுதுறது?" என்றான்.

பாமினியில் நமக்கு 'அ' என்று தெரிவது உள்ளே ஆங்கில எம்தான். மெய்யெழுத்தின் புள்ளி, செமிகோலன் விசை. கண்ணுக்குத் தமிழ், மெஷினுக்குக் குப்பை. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் அடித்தால் உள்ளேயும் தமிழ். பழைய தாள்களை மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன; ஒட்டினால் அடுத்த நிமிடம் யுனிகோட். மூன்று பெட்டி நிறைய இருந்த என் தாள்களுக்கு அந்த யோசனை வந்தது ஓய்வுபெறும் வருடத்தில்!

"படம்" என்பது கொப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பியது. கூகுள் லென்சில் போட்டால் அச்செழுத்தை ஓரளவு சரியாகப் பிரித்துத் தரும், கையெழுத்தில் தடுமாறும். லயத்தில் சிக்னல் விழும் இடம் தேடி நின்று இதையெல்லாம் யார் செய்வது? அதைவிட டீச்சரே போனில் தமிழ் விசைப்பலகையின் மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாக விழும். பிழை திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவைவிட டேட்டாவும் குறைவு.

அவரிடம் முறைப்பாடு மாதிரிப் போகாதீர்கள். மகனையும் போனையும் கூட்டிக்கொண்டு போய், அவர் அனுப்பியதை அவர் முன்னாலேயே ஓட விடுங்கள். எனக்குப் புரிந்தது அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு என்ன சலுகை கேட்கலாம் என்று அதிபரிடம் இப்போதே பேசுங்கள், விண்ணப்பம் நிரப்பும் நாள்வரை இருக்க வேண்டாம். "வேறு பள்ளிக்கூடம் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், குறைபாட்டைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்வதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் போர்டில் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துப் போட்டேன். ஒரு பையன் ஒன்றுமே தெரியவில்லை என்கிறான். நடிக்கிறானா? (ஆசிரியை, தலவாக்கலை)

பதில்: நடிப்பில்லை மிஸ். சிவப்பும் பச்சையும் சில பிள்ளைகளுக்கு, அதிகமும் பையன்களுக்கு, ஒன்றுபோலத்தான் தெரியும். இணையப் பக்கங்களுக்கு உலக அளவில் உள்ள விதி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. கணக்கை விடுங்கள், வெள்ளையில் கறுப்பு போடுங்கள். எழுத்துக்குப் பின்னால் பூப் படம் மாதிரி எதுவும் வேண்டாம்.