நடனம் பயிலும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. ஓராண்டாகப் பரதநாட்டியம் பயிலும் அவள், தோழிகளைப் பார்த்துவிட்டுக் கதக்கும் பாலேவும் கற்க வேண்டும் என்கிறாள். ஒரே சமயத்தில் மூன்றிலும் சேர்க்கலாமா?

பதில்: அவளுடைய ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது, ஆனாலும் இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். ஒவ்வொரு நடனமும் உடலை வெவ்வேறு விதமாக நிற்கப் பழக்குகிறது. பரதநாட்டியத்தில் முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி, முதுகை நிமிர்த்தி, அரைமண்டியில் இருந்தபடியே தட்டடவு, நாட்டடவு என்னும் அடிப்படை ஆட்ட அசைவுகளை மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், செய்கிறாள். கதக்கிலோ கால்கள் நேராக நிற்க, தட்டையான பாதங்கள் தத்கார் என்னும் காலடி ஆட்டத்தில் தாளத்தை ஒலிக்கின்றன. பாலேயில் பரதத்தைப் போலவே கால்கள் வெளிப்புறம் திரும்பினாலும், பரதம் எடையைத் தரையில் ஊன்றச் சொல்லும் இடத்தில் பாலே உடலை மேல்நோக்கி எழச் சொல்கிறது. ஓராண்டு மட்டுமே பழகிய உடலில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலில் குலைவது அரைமண்டிதான்.

அடவுகளை முடித்து, அலாரிப்பு என்னும் முதல் உருப்படியைக் கடந்து, அடுத்த உருப்படியான ஜதிஸ்வரம் ஒன்றை முழுவதும் அரைமண்டி உயராமல் ஆட அவளால் முடியும்போது இரண்டாவது நடனத்தைத் தொடங்கலாம். அதுவரை பெற்ற லய அறிவு வீணாகாது. திஸ்ரம் (மூன்று), சதுஸ்ரம் (நான்கு), கண்டம் (ஐந்து) என்று தாளத்தை எண்ணப் பழகிய காதுக்குக் கதக்கின் 16 மாத்திரைத் தீன்தாளம் விரைவில் பிடிபடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பலர் கவனிப்பதில்லை. கால்கள் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டுமே தவிர, முழங்காலை முறுக்கிப் பாதத்தை மட்டும் திருப்பக் கூடாது. முழங்கால் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காமல் ஆசிரியரிடம் உடனே தெரிவியுங்கள். பாலேயில் விரல் நுனியில் நிற்கும் பயிற்சியைப் பொறுப்புள்ள ஆசிரியர்கள் 11, 12 வயதுக்கு முன் தொடங்குவதில்லை; அதுவும் கணுக்காலும் பாதமும் போதிய வலுப்பெற்ற பின்னரே.

கேள்வி: என் 10 வயது மகன் குச்சிப்புடி கற்க விரும்புகிறான். அது பெண்களுக்குரியது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தயங்காமல் சேர்த்துவிடுங்கள். குச்சிப்புடி நெடுங்காலம் ஆண்களே ஆடிய கலை. பெண் பாத்திரங்களையும் அவர்களே ஏற்றார்கள், சத்தியபாமையாக ஆடிப் பெரும்புகழ் பெற்ற வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவும் ஆண்தான். கதகளியும் மரபாக ஆண்கள் ஆடியதே. பரதநாட்டியக் கச்சேரியின் அமைப்பை 19ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வரும் சகோதரர்களே. வகுப்பில் அவன் ஒருவன் மட்டுமே ஆண்பிள்ளையாக இருக்கக்கூடும் என்பதால், மற்றவர்களுக்குத் தரும் அதே பயிற்சியை அவனுக்கும் குறைவின்றித் தருவாரா என்று ஆசிரியரிடம் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.