தனியாக வந்த பிள்ளை மீது திருட்டுச் சந்தேகம்: கடை செக்யூரிட்டி எதுவரை போகலாம்?

கேள்வி: நான் ஒரு பெரிய கடையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பெரியவர்கள் துணையில்லாமல் வந்த இரண்டு பிள்ளைகளை எங்கள் ஆள் சந்தேகப்பட்டு நிறுத்தினார். பையனுக்குப் பதினொரு வயதிருக்கும், அவன் தங்கைக்கு எட்டு. பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துப் பையையும் பாக்கெட்டையும் சோதித்தார்கள். பையனிடம் பில் போடாத ஒரு சின்னப் பொருள் கிடைத்தது. தங்கையிடம் எதுவும் இல்லை. "திருடினேன், இனிமேல் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கினார்கள். போட்டோ எடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு போன் போனது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். இப்போது அவர் எங்கள் மேல் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். பொருள்தான் கிடைத்துவிட்டதே, எங்கள் மேல் எப்படி வழக்கு வரும்? இனி இப்படி நடந்தால் என்ன செய்வது?

பதில்: வழக்கு வரலாம். பொருள் கிடைத்தது என்பது அதைத் தடுக்காது. பையன் எடுத்தானா என்பது ஒரு கேள்வி, அவனை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு "ஆம்" என்று பதில் கிடைத்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். தங்கை விஷயத்தில் உங்கள் நிலைமை இன்னும் பலவீனமானது. அந்தக் குழந்தையை ஒன்றரை மணி நேரம் ஒரு அறையில் உட்கார வைக்க உங்களிடம் எந்தக் காரணமும் இருக்கவில்லை.

கடைக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது என்று முதலில் பார்ப்போம். உங்கள் பொருளைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. சொத்தைப் பாதுகாக்கும் தற்காப்பு உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது) ஏற்றுக்கொள்கிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி பலத்தைக்கூடப் பயன்படுத்தக் கூடாது. பொருள் திரும்பக் கிடைத்ததும் அந்த உரிமையும் முடிந்துவிடும். வாசலில் நிறுத்தி, "தம்பி, பில் போட மறந்துட்டியா? அதைக் கொடு" என்று கேட்டு வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. ஸ்டோர் ரூமுக்குள் நடந்த எதையும் இந்த உரிமையின் கீழ் கொண்டுவர முடியாது.

அடுத்தது பிடித்து வைக்கும் அதிகாரம். செக்யூரிட்டிக்கு போலீஸ் அதிகாரம் கிடையாது. சீருடை போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு தனிநபர். தனிநபர் எப்போது ஒருவரைப் பிடிக்கலாம் என்பதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (கைது, விசாரணை நடைமுறைகளைச் சொல்லும் சட்டம்) 40-வது பிரிவு சொல்கிறது. குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் விடமுடியாததாகவும் இருக்க வேண்டும். பிடித்தால் வீண் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். "எடுத்த மாதிரி தெரிந்தது", "இன்னொரு ஊழியர் சொன்னார்" என்பதெல்லாம் கண்ணெதிரே நடந்ததாகாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின் கீழ் வரும் சாதாரணத் திருட்டை ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகப் புதிய சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. பொருள் பாதுகாக்கப்படும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று 305-வது பிரிவை எடுத்து நீங்கள் வாதாடலாம். ஆனால் ஒரு சின்னப் பொருளுக்காக, பதினொரு வயதுப் பையனைப் பிடித்து வைத்ததை நியாயப்படுத்த அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகும்படி என் கட்சிக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அதிகாரம் இல்லாமல் ஒருவரைத் தடுத்தால் நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவு, ஒரு எல்லைக்குள் அடைத்து வைத்தால் 127-வது பிரிவு. பின்னதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கதவைப் பூட்டினால்தான் அடைத்து வைத்ததாகும் என்று உங்கள் ஆட்கள் நினைக்கக்கூடும். அது தவறு. சீருடை போட்ட பெரியவர் வாசலில் நிற்க, "இங்கேயே உட்காரு" என்றால் எட்டு வயதுக் குழந்தைக்கு அது பூட்டிய கதவுதான்.

வயதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது (நியாய சன்ஹிதா, பிரிவு 20). ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால், தான் செய்வது என்ன, அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தக் குழந்தைக்கு அப்போது இல்லாதிருந்தால் குற்றமாகாது (பிரிவு 21). உங்கள் கடையில் நின்ற இரண்டு பிள்ளைகளும் இந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். அந்த முதிர்ச்சி இருந்ததா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் செக்யூரிட்டி அல்ல. பதினெட்டு வயது நிரம்பாத எல்லோருமே 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தைகள்தான். அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற அனுமானமும், கண்ணியமும், அந்தரங்கமும் அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளாக 3-வது பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

போலீஸையே அந்தச் சட்டம் எப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்று பாருங்கள். குழந்தையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் (குழந்தைகள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் அமைப்பு) முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். திருட்டு போன்ற குற்றத்தைக் குழந்தை பெரியவர்களோடு சேர்ந்து செய்யாத பட்சத்தில் எஃப்ஐஆர் போடக் கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்து குழந்தையின் சமூகப் பின்னணி அறிக்கையைத் தயாரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. குழந்தையிடம் பேசும் போலீஸ்காரர் கூடியவரை சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அரசின் முழு அதிகாரமும் உள்ள போலீஸுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, கடை ஊழியர் அதைவிடக் கடுமையாக நடந்துகொள்ள எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

சோதனை விஷயத்துக்கு வருகிறேன். "பையைக் காட்டுகிறாயா?" என்று கேட்கலாம். குழந்தை தானாகக் காட்டினால் பார்க்கலாம். ஆனால் பயந்துபோன குழந்தை தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெற்றோர் வரும்வரை பொறுத்திருப்பதுதான் சரி. உடம்பைத் தொட்டுச் சோதிக்கவே கூடாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவின்படி ஒரு தனிநபர் முறையாகப் பிடித்திருந்தால்கூட, பிடிபட்டவரைச் சோதிக்கும் அதிகாரத்தை 49-வது பிரிவு போலீஸ் அதிகாரிக்குத்தான் தருகிறது, பிடித்தவருக்கு இல்லை. பாக்கெட்டுக்குள் கைவிடுவது, இடுப்பில் தடவிப் பார்ப்பது, சட்டையைத் தூக்கச் சொல்வது எல்லாமே விலக்கப்பட வேண்டியவை. ஆடையைக் கழற்றச் சொன்னால் விஷயம் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) விசாரணை வரைக்கும் போகும். அந்தச் சட்டத்தில் தவறான எண்ணம் இல்லை என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும் என்பதை உங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுங்கள். பெண் ஊழியரை வைத்துச் சோதித்தால் பரவாயில்லையா என்று சில நிர்வாகங்கள் கேட்பதுண்டு. இல்லாத அதிகாரம் ஆளை மாற்றினால் வந்துவிடாது.

எழுதி வாங்கிய தாளுக்கு மதிப்பு இல்லை. அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வற்புறுத்தியோ பெற்ற ஒப்புதல் செல்லாது என்கிறது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 22-வது பிரிவு. அந்தத் தாள் உங்களுக்குச் சாட்சியாவதைவிட அந்த அப்பாவுக்குச் சாட்சியாகும் வாய்ப்புத்தான் அதிகம். "பத்து மடங்கு கட்டினால் விட்டுவிடுகிறோம்" என்று பெற்றோரிடம் கேட்கும் பழக்கம் உங்கள் கடையில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அபராதம் விதிக்க எந்தக் கடைக்கும் அதிகாரம் கிடையாது. மிரட்டிப் பணம் வாங்கினால் அது மிரட்டிப் பறித்தல் என்ற தனிக் குற்றம்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அந்த போட்டோதான். சட்டத்துடன் முரண்பட்ட (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும்) குழந்தையின் பெயர், பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்திலோ வேறு எந்தத் தகவல் தொடர்பு வழியிலோ வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விசாரணையே தொடங்கவில்லை, ஆகவே அந்தப் பிரிவு பொருந்தாது என்று நீங்கள் வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் ஜெயித்தாலும் அவதூறு வழக்கிலிருந்து தப்ப உதவாது. எதையும் எடுக்காத எட்டு வயதுச் சிறுமியின் முகம் எத்தனை போன்களில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த போன்களில் ஒன்றிலிருந்து அவள் படிக்கும் பள்ளிக்கு அந்தப் படம் போய்ச்சேர ஒரு நிமிடம் போதும்.

அந்த அப்பா நல்ல வழக்கறிஞரைப் பார்த்தால், அவர் இதே சட்டத்தின் 75-வது பிரிவையும் எடுப்பார். குழந்தையைத் தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவர், தேவையற்ற உடல் அல்லது மன வேதனை தரும் வகையில் அதை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் யார் கட்டுப்பாட்டில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் வேறு பதில் இல்லை.

சரி, இனி எப்படி நடந்துகொள்வது? பிள்ளையை நிறுத்திய கணத்திலிருந்து அதன் பாதுகாப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று உங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பொருள் இரண்டாவது. செக்யூரிட்டி தனியாகப் பேசாமல் மேனேஜரைக் கூப்பிடட்டும், இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் குரல் உயர்த்தக் கூடாது. அதற்காக ஸ்டோர் ரூமுக்கும் கொண்டுபோகக் கூடாது. மேனேஜர் மேஜை போல, கேமரா பார்வைக்குள், கதவு திறந்திருக்கும் இடம் போதும். அண்ணன் தங்கையைப் பிரிக்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா என்று கேளுங்கள். "ஏன் எடுத்தாய், இதற்கு முன் எத்தனை தடவை?" என்ற விசாரணை உங்கள் வேலை இல்லை. கேட்க வேண்டியது வீட்டில் யாருக்கு போன் செய்யலாம் என்பது மட்டும்தான். அந்த போன் அடுத்த சில நிமிடங்களில் போய்விட வேண்டும்.

பிள்ளை நம்பர் சொல்ல மறுத்தால் அல்லது யாரும் எடுக்காவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது போலீஸ் நிலையத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் காவல் அதிகாரியைக் கேளுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 107-வது பிரிவு. சாதாரணமாக ஒரு தடவை பிள்ளைகள் செய்யும் தவறுக்கு போலீஸ் தேவையே இல்லை, பெற்றோரிடம் பேசி முடிப்பதுதான் என் ஆலோசனை. ஆனால் வீடு இல்லாத பிள்ளை, பசியில் எடுத்த பிள்ளை, யாரோ பெரியவர்கள் அனுப்பி எடுக்கச் சொன்ன பிள்ளை என்று தெரிந்தால் 1098-ஐக் கூப்பிடாமல் விடாதீர்கள். அந்தப் பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் பராமரிப்புக்குப் போக வேண்டியது.

நடைமுறையில் அதிகம் நடக்கும் ஒரு தவறு, மிரட்டிவிட்டு "போ" என்று தனியாக அனுப்புவது. வீட்டுக்குத் தெரிந்துவிடும், பள்ளிக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் இருக்கும் பிள்ளை நேராக வீட்டுக்குப் போகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பயமுறுத்தாமல், பொருளை வாங்கிக்கொண்டு உடனே விட்டுவிட்டால் அது வேறு. நிறுத்தி வைத்துவிட்டீர்கள் என்றால் ஒரு பெரியவர் கையில்தான் ஒப்படைக்க வேண்டும். பிள்ளை ஓடினால் துரத்தாதீர்கள். வெளியே வண்டிகள் ஓடுகின்றன.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது. சிசிடிவி பதிவு தானாக அழிவதற்குள் அந்த நேரத்துக்கான முழுப் பதிவையும், உங்களுக்குப் பாதகமான பகுதி உட்பட, எடுத்து வையுங்கள். போட்டோவை எல்லோருடைய போனிலிருந்தும் குரூப்பிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள், ஆனால் யார் எப்போது அனுப்பினார் என்ற பதிவோடு ஒரு பிரதி நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் இருக்கட்டும். புகார் வரும் என்று தெரிந்த பிறகு முழுவதும் அழித்தால் ஆதாரத்தை அழித்த குற்றமும் சேரும். அந்த அப்பாவைச் சந்திக்க, பிள்ளைகளை நிறுத்திய ஆளை அனுப்பாதீர்கள். நிர்வாகத்தில் மூத்தவர் ஒருவர் போய், படம் வெளியே போனதற்கும் தாமதத்துக்கும் நேராக வருத்தம் சொல்லட்டும். எழுத்தில் கொடுக்கும் எதையும் வழக்கறிஞர் பார்த்த பிறகு கொடுங்கள், அதைக் காரணம் காட்டி நாளைக் கடத்தாதீர்கள். "நீங்கள் புகார் கொடுத்தால் நாங்களும் திருட்டுப் புகார் கொடுப்போம்" என்று யாரும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. அது மிரட்டல் என்று அந்தப் புகாரிலேயே இன்னொரு பத்தியாகிவிடும்.

உங்கள் ஆட்கள் ஒரு ஏஜென்சி மூலம் வந்தவர்கள் என்றால், 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா, இவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கான சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி ஆள் செய்தது என்று சொல்லி நஷ்டஈட்டிலிருந்து கடை எளிதாக ஒதுங்கிவிட முடியாது. மேலே சொன்ன நடைமுறையை ஒரே பக்கத்தில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். 1098, அவசர உதவி எண் 112, உங்கள் எல்லைக்குட்பட்ட குழந்தைகள் நலக் காவல் அதிகாரியின் எண் ஆகியவற்றை செக்யூரிட்டி மேஜையில் ஒட்டிவையுங்கள்.