பிஎச் மீட்டர்: வீட்டில் புளிக்கவைப்போர் கேட்டவை

திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்த்தவன் நான். காலையில் போனதும் பிஎச் மீட்டரைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு திரவம் புளிப்பா காரமா என்று எண்ணில் காட்டும் கருவி அது: 7 நடுநிலை, கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போனால் காரம். இப்போது வீட்டில் கொம்புச்சா (புளிக்கவைத்த இனிப்புத் தேநீர்) போடுகிறேன், ஊறுகாய் போடுகிறேன். நம் பக்கத்தில் மீட்டர் வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வடவள்ளி: புதுசா பேனா மீட்டர் வாங்கினேனுங்க. சிறுவாணித் தண்ணியில விட்டா நம்பர் நிக்காம ஓடுது. டிஸ்டில்டு வாட்டர்ல 5.8 காட்டுது. 7 தானே வரணும்? மீட்டர் போச்சுங்களா?

மீட்டர் மேல் குறை இல்லை. டிஸ்டில்டு வாட்டர் காற்றுப் பட்டதும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அதனால் 5.6, 5.8 என்று இறங்கிவிடும். சிறுவாணியில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரில் எந்த எலக்ட்ரோடும் (திரவத்தில் மூழ்கும் கண்ணாடிக் குமிழ் உள்ள முனை) சட்டென்று நிலைக்காது. மீட்டர் சரியா என்று பார்க்க, பிஎச் இன்னதென்று தெரிந்த பஃபர் கரைசல்தான் வேண்டும், வேறு எதுவும் உதவாது.

ஈரோடு: கேலிபரேஷன், அதான் பஃபர்ல வெச்சு மீட்டரைச் சரிபண்றது, எப்படிப் பண்றதுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க அண்ணா. மீட்டரோட வந்த பொட்டலத்துல 6.86ன்னு இருக்கு, கடையில 7.00 குடுக்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

ஒன்று இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். சில மீட்டர்கள் பஃபரைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். 7.00 எதிர்பார்க்கும் மீட்டரை 6.86 கரைசலில் வைத்துப் பட்டனை அழுத்தினால், அதற்குப் பிறகு வரும் கணக்கெல்லாம் பிசகும். உங்கள் மீட்டரின் தாளில் எந்த எண் போட்டிருக்கிறதோ அந்தப் பஃபரை வாங்குங்கள்.

பொட்டலத்தில் எத்தனை மில்லி என்று எழுதியிருக்கிறதோ அத்தனை டிஸ்டில்டு வாட்டரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைக்கக் கூடாது. எலக்ட்ரோடைக் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள், கண்ணாடிக் குமிழில் மின்னேற்றம் ஏறி எண் ஆடும். முதலில் 7 (அல்லது உங்கள் மீட்டருக்கான 6.86) பஃபர், அது நிலைத்ததும் கழுவி 4 பஃபர். புளிக்கவைக்கும் வேலைக்கு இந்த இரண்டும் போதும், 9.2 பஃபர் தேவையில்லை. 7 மட்டும் வைத்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 7 அருகே சரியாகவும், நமக்கு வேண்டிய 3, 4 பக்கம் தப்பாகவும் காட்டும். நல்ல எலக்ட்ரோடு 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் தரும். இதைச் சரிவு (slope) என்பார்கள். எலக்ட்ரோடுக்கு வயதானால் இது குறையும். இரண்டாவது பஃபர்தான் அதை ஈடுகட்டுகிறது. சரிவைச் சதவீதமாகக் காட்டும் மீட்டர் என்றால் 95க்கு மேல் இருப்பது நலம்.

அப்புறம், ஊற்றிய பஃபரைத் திரும்பப் பாட்டிலில் விடாதீர்கள். சின்ன டம்ளரில் குமிழ் மூழ்கும் அளவு எடுத்து, வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் 6.86 கரைசல் 6.84 ஆகிவிடும். பொட்டலத்தின் பின்னால் வெப்பநிலை அட்டவணை இருக்கும், பாருங்கள்.

பல்லடம்: பஃபர் கரைக்க ஏசி தண்ணி, பேட்டரித் தண்ணி, ஆர்ஓ தண்ணி, எது ஆகும்?

டிஸ்டில்டு அல்லது டிஎம் (உப்பு நீக்கியது) என்று எழுதிய பேட்டரித் தண்ணீர் ஆகும். ஆசிட் கலந்தது வேண்டாம். ஏசி தண்ணீரில் தூசியும் உலோகமும் வரும். ஆர்ஓ தண்ணீர் எலக்ட்ரோடைக் கழுவ மட்டும்.

கோபி: தொப்பியைக் கழட்டினா குமிழ் காஞ்சு கிடக்குது. கேசிஎல் கரைசல்ல வைக்கணும்னு சொல்றாங்க. வயலுக்குப் போடற பொட்டாஷும் கேசிஎல் தானே, அதைக் கரைச்சுக்கலாமுங்களா?

வயலுக்குப் போடும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடுதான், கணக்கு சரி. ஆனால் அந்தச் சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு. அதோடு களிமண்ணும் வரும். எலக்ட்ரோடின் பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளி மாதிரி ஒரு ஜங்ஷன் இருக்கிறது. உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் அதன் வழியாகத்தான் வெளியே இருக்கும் திரவத்தைத் தொடுகிறது. அது அடைபட்டால் மீட்டர் முடிந்த மாதிரி. லேப் கடையில் சுத்தமான கேசிஎல் வாங்கி, 22.4 கிராமை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். அது 3 மோலார் அடர்த்தி. ஒரு பாட்டில் வெகுநாள் வரும்.

காய்ந்த குமிழை இந்தக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் கேலிபரேட் செய்து பாருங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும். டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் ஊறப்போடாதீர்கள், உள்ளே இருக்கும் உப்பு வெளியேறிவிடும். கேசிஎல் கையில் இல்லாத அன்றைக்கு 4 பஃபர் போதும்.

சூலூர்: கொம்புச்சா போட்டு எட்டு நாள் ஆச்சுங்க அண்ணா. பிஎச் 4.7ல நிக்குது. இன்னும் ரெண்டு நாள் விடலாமா?

முதலில் மீட்டரை 4 பஃபரில் சோதியுங்கள் அம்மணி. அது சரியாகக் காட்டினால், அந்த ஜாடியைக் கொட்டிவிடுங்கள். ஏழு நாளுக்குள் 4.2க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வேண்டாத கிருமி வளர இடம் கிடைத்திருக்கும். அடுத்த முறை போன ஜாடியின் புளித்த கொம்புச்சாவைப் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஊற்றித் தொடங்குங்கள். முடியும்போது 2.5க்கும் 3.5க்கும் நடுவே இருந்தால் நல்லது.

மீட்டரை ஜாடிக்குள் விடாதீர்கள். கொஞ்சம் டம்ளரில் எடுத்து, கேஸ் போகும்வரை கலக்கிவிட்டு அளந்து, அதைக் கொட்டிவிடுங்கள். கரைந்திருக்கும் கேஸ் எண்ணைக் கீழே இழுக்கும்.

கவுந்தப்பாடிக்காரர், இப்போது மெல்போர்னில்: வீட்டில் பீர் போடறேன். மால்ட் ஊறும்போது 65 டிகிரியிலேயே மீட்டரை விடலாமா? ஏடிசி (சூட்டுக்கேத்த மாதிரி தானே திருத்தற வசதி) இருக்கு.

அங்கே வீட்டில் பீர் போடச் சட்டம் தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, இங்கிருந்து படிப்பவர்கள் நினைவில் கொள்ளுங்கள்.

ஏடிசி திருத்துவது எலக்ட்ரோடின் மில்லிவோல்ட்டை மட்டுமே. சூட்டில் அந்தத் திரவத்தின் பிஎச்சே மாறுகிறது, அதை ஏடிசி தொடாது. 65 டிகிரியில் காட்டும் எண், ஆறவைத்து அளப்பதைவிட ஏறக்குறைய 0.3 குறைவாக வரும். மாஷுக்கு (மால்ட் ஊறும் கலவைக்கு) 5.2 முதல் 5.6 வரை என்று சொல்வது பொதுவாக ஆறிய அளவு. இரண்டு கரண்டி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் கிண்ணத்தை வைத்து 25 டிகிரிக்கு இறக்கி அளங்கள். சூடு எலக்ட்ரோடின் ஆயுளையும் தின்றுவிடும்.

பிஎச் என்ற அளவே பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் வகுத்தது.

ஆனைமலை: லைசென்ஸ் எடுத்து ஐஸ் பெட்டியில நீரா (புளிக்காத தென்னம்பாளைச் சாறு) இறக்கறோம். பிஎச் வைச்சே புளிச்சிருக்கான்னு சொல்லிடலாமுங்களா?

ஐஸ் பெட்டி நீரா என்றால் சொல்லலாம். புதிதாக இறக்கியது 7க்குப் பக்கமாக இருக்கும், புளிக்கப் புளிக்க இறங்கும். முதல் நாள் இறக்கிய உடனே அளந்து எழுதி வைத்து, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கிய பதநீருக்கு இந்தக் கணக்கு செல்லாது, சுண்ணாம்பே எண்ணை மேலே தூக்கி வைத்துவிடும்.

குளிர்ந்த நீராவில் எலக்ட்ரோடு மந்தமாக இருக்கும். எண் நிற்கும்வரை பொறுங்கள். அளந்ததும் கழுவுங்கள், சர்க்கரை குமிழில் காய்ந்தால் அடுத்த அளவு பிசகும்.

காங்கேயம்: கொப்பரைக் களத்துத் தேங்காய்த் தண்ணியில வினிகர் போட்டேன். பிஎச் 2.9. ஊறுகாய்க்குப் போதுமுங்களா?

பிஎச்சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அது புளிப்பின் வீரியத்தைக் காட்டும், எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று காட்டாது. வினிகரில் 100 மி.லி.க்கு 3.75 கிராம் அசிட்டிக் அமிலமாவது இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 10 மி.லி. வினிகரில் மீட்டரை வைத்து, 1 நார்மல் (லிட்டருக்கு 40 கிராம்) காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 8.2 தொடும்போது 6.25 மி.லி. செலவாகியிருந்தால் 3.75 சதவீதம். அதற்குக் குறைந்தால் பலம் போதாது. தேங்காய்த் தண்ணீரில் இருக்கும் சர்க்கரை அந்த அளவு அமிலத்துக்குப் பற்றாது, தொடக்கத்திலேயே சர்க்கரை சேர்க்க வேண்டும். காஸ்டிக் சோடாவைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

திருப்பூர்: சாயப்பட்டறையில கழிச்ச நல்ல கம்பெனி எலக்ட்ரோடு சும்மா கிடைக்குதுங்க. வாங்கி மாட்டிக்கலாமா?

வேண்டாம். சோடா ஆஷ் போட்ட சாயத் தண்ணீர் 11 பிஎச் வரை போகும். அந்தக் காரம் கண்ணாடிக் குமிழை அரித்துவிடும், சாயம் ஜங்ஷனுக்குள் இறங்கியிருக்கும். குடிக்கும் பொருள் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. எலக்ட்ரோடு ஓரிரு வருஷத்தில் தேய்கிற பொருள்தான். எலக்ட்ரோடு மட்டும் கழற்றி மாற்றக்கூடிய மீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.