தோல்விக்குப் பின் பங்காளிச் சண்டை

கேள்வி: நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற கட்சி உடனே உட்பூசலில் இறங்குவது ஏன்? பிளவு என்றாலே கட்சிக்கு முடிவுதானா?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அதிகாரம் இருக்கும்வரை பதவிகளைக் கொடுத்து மனக்கசப்புகளை மூடி வைக்கலாம், தோற்றபின் பங்கிட எஞ்சுவது பழி மட்டுமே. 1977-இல் 154 இடங்களுக்குச் சுருங்கிய காங்கிரஸில், நெருக்கடி நிலைக்கு யார் பொறுப்பு என்ற சண்டை முற்றி, 1978 ஜனவரியில் இந்திரா காந்தி தனிக் கட்சி கண்டார். பசுவும் கன்றும் போய்க் கை சின்னம் வந்தது அப்போதுதான். இதில் உங்கள் மாநிலத்தின் பங்கு பெரிது: வடக்கே கட்சி துடைத்தெறியப்பட்ட அந்தத் தேர்தலிலும் கர்நாடகத்தின் 28 இடங்களில் 26-ஐ வென்று தந்த முதல்வர் தேவராஜ் அர்ஸ், பிளவில் இந்திராவின் பக்கம் நின்று, சிக்மகளூர் இடைத்தேர்தலில் அவரை வெல்லவும் வைத்தார், மறு ஆண்டே இருவரும் பிரிந்தனர். 1980-இல் இந்திரா 353 இடங்களுடன் திரும்பியதும், அர்ஸுக்குப் பின்னால் நின்ற எம்.எல்.ஏ.க்கள் பெருமளவில் அணி மாற, விதான சௌதாவில் முதல்வர் நாற்காலி குண்டு ராவிடம் போயிற்று. (கொள்கை விளக்கங்கள் அணி மாறியபின் எழுதப்பட்டவை என்பது என் எண்ணம்.) ஆக, பிளவு இந்திராவுக்கு முடிவாகவில்லை, எதிரே ஆண்ட ஜனதா 1979-இல் தானே உடைந்ததும் அவருக்குக் கைகொடுத்தது.