குளக்கட்டு, காட்டோரம், சைக்கிள்: வாசகர் கேள்வி–பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சைக்கிளில் சுற்றுகிறவர்களின் கேள்விகளுக்கு, நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் தருகிறார்.

கேள்வி: சொந்த ஊர் கல்முனை. இப்போது இங்கிலாந்தில் நியூகாசிலில் இருக்கிறேன். வார இறுதியில் கீல்டர் காட்டுப் பூங்காவில் மலைச் சைக்கிள் ஓடுவேன். அங்கே நீர்த்தேக்கத்தைச் சுற்றிவர ஒரு பாதை உண்டு. ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். அதேபோல சேனாநாயக்க சமுத்திரம் என்ற நம் பெரிய குளத்தைச் சுற்றி ஓடலாமா?
— கல்முனைக்காரன், நியூகாசில்

பதில்: ஓட முடியாது தம்பி. காரணத்தைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன்.

கீல்டரில் நடக்கிறவர், குதிரையில் போகிறவர், சைக்கிள்காரர் எல்லோருக்குமாக 42 கிலோமீட்டர் கரைப் பாதை போட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் ஏறும் தடங்களுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்திருக்கிறார்கள். எந்தத் தடம் உங்கள் காலுக்கு ஏற்றது என்பதைப் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நம் சமுத்திரத்துக்குச் சுற்றுப்பாதை என்று ஒன்று கிடையாது. கீல்டர் கொள்ளும் நீர் 20 கோடி கன மீட்டர். சேனாநாயக்க சமுத்திரம் கொள்வது 95 கோடி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய குளம் அது. கட்டு இருப்பது ஒரு பக்கம் மட்டும்தான். மற்றக் கரைகளெல்லாம் காடும் மலையடிவாரமும். குளத்துக்கு நீர் தருகிற அந்தக் காட்டைக் காப்பாற்றத்தான் 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். ஏறக்குறைய 25,900 ஹெக்டேயர். யானைகள் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு நீந்திப் போவதை அங்கே பார்க்கலாம். தண்ணீர் வற்றும் மாதங்களில் கரையில் முளைக்கும் புல்லுக்குக் கூட்டமாக இறங்கும். அந்தக் கரையில் சைக்கிளோடு நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் யானை. தப்பி ஓட வழியிருக்காது.

ஆகவே அந்தக் குளத்தைப் படகில் பாருங்கள், அதற்கு இங்கினியாகலையில் ஏற்பாடு உண்டு. சைக்கிளை அம்பாறை நகரிலிருந்து இங்கினியாகலை வரைக்கும் ஓடுங்கள். சுமார் 20 கிலோமீட்டர்தான். நகரை விட்டு வெளிக்கிட முன் கொண்டவட்டுவான் குளத்தில் கொஞ்சம் நின்று போங்கள், காலையில் அங்கே பறவை நிறைய. அணைக்கட்டுக்கு மேலே ஏறுவதென்றால் காவலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். கீழே எத்தனையோ ஆயிரம் ஏக்கர் வயலும் ஊரும் இருப்பதால்தான் அந்தக் காவல்.

ஏற்றம் இறக்கம்தான் வேண்டுமென்றால், செங்கலடி–பதுளை வீதியில் மகாஓயாவைத் தாண்டி மேற்கே போக வேண்டும். பிபிலைக்கு அப்பால் லுணுகலை, பசறை என்று மலை ஏறத் தொடங்கும். தார் வீதிதான், ஆனால் மூச்சு வாங்க வைக்கும். சைக்கிளை வான் வண்டியில் ஏற்றிப் பசறையில் இறக்கி, பிபிலை வரைக்கும் இறங்கி வருகிறவர்களும் உண்டு. பஸ்ஸும் லொறியும் வளைவுகளில் முழு வீதியையும் எடுக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆகஸ்ட் என்கிறீர்கள். கச்சான் காற்று அடிக்கிற காலம். மேற்கே போகும்போது நெருப்புக் காற்று முகத்தில் அறையும். நியூகாசிலில் எவ்வளவு தூரம் ஓடினீர்களோ அதில் பாதியை வைத்துத் திட்டம் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள், எல்லோரும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள். லீவு நாளில் உன்னிச்சைக் குளம் வரைக்கும் ஓட ஆசை. யானையைச் சொல்லி வீட்டில் மறிக்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?
— பெயர் வேண்டாம், ஆரையம்பதி

பதில்: போகலாம் மகள். ஆனால் வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் யானையால் ஆட்களை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பயத்தைத் தட்டிக் கழிக்காமல் அதற்கேற்றபடி நேரத்தைப் போட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலைப் பார்த்தால் விடிய முன் வெளிக்கிட வேண்டும். யானையைப் பார்த்தால் பிந்தித்தான் போக வேண்டும். இரவில் வயலுக்கு இறங்கிய யானை காட்டுக்குத் திரும்புவது விடியற்புறத்தில். பின்னேரம் மறுபடி வெளிக்கிடும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கணக்கு உண்டு: ஊர்மனை உள்ள பகுதியை இருட்டு விலகியதும் ஓடி முடியுங்கள், காட்டோரப் பகுதிக்கு ஏழு மணிக்குப் பிறகு போய்ச் சேருங்கள், பதினொரு மணிக்குள் அங்கிருந்து திரும்பிவிடுங்கள். நீங்கள் மட்டக்களப்பு நகருக்கு வந்து, வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்கு ஏறி, ஆயித்தியமலை வழியாகப் போனால் இது தானாகவே பொருந்தும். ஆயித்தியமலைச் சந்தியில் நின்று தேத்தண்ணி குடியுங்கள். குடிக்கும்போதே, “ராத்திரி எந்தப் பக்கம் யானை நின்றது?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எந்த வட்டையில் (வயல்வெளியில்) இறங்கியது, எந்த வேலியை முறித்தது, தனி அலியனா (கொம்பில்லாத ஆண் யானையா) கூட்டமா என்பதெல்லாம் அந்த மேசையில் காலை ஆறு மணிக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அன்றைக்குப் போக வேண்டாம். செப்டம்பர் தொடக்கத்தில் போனால் மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களால் வீதி நிறைந்திருக்கும். அந்த நாட்களில் மெதுவாக, மணி அடிக்காமல் ஒதுங்கிப் போங்கள்.

பாதையில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் நின்று பாருங்கள். காய்ந்து உதிர்ந்து கிடந்தால் பழசு. ஈரமாகப் பச்சை மணத்தோடு, மேலே இன்னும் வண்டு மொய்க்காமல் இருந்தால் ஆள் பக்கத்தில் நிற்கிறார். பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம் கேட்டாலும் அதே கதைதான். சைக்கிளை விட்டு இறங்கி, சத்தம் போடாமல் திருப்பி, வந்த வழியே கடைசி வீடு வரைக்கும் போங்கள். படம் எடுக்க நிற்கக் கூடாது. வேகமாக உழக்கித் தாண்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது, கிறவலில் (சரளை மண் பாதையில்) யானையை வெல்ல ஒரு சைக்கிளாலும் முடியாது.

முதல் தடவைக்கு வேறொன்று சொல்லட்டுமா? 2014இல் திறந்த மண்முனைப் பாலம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. அதால் ஏறி மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் தெற்கே பழுகாமம், மண்டூர். மண்டூரில் ‘பாதை’ என்கிற, வாவியைக் கடக்கும் மிதவைப் படகில் சைக்கிளையும் ஏற்றிக் குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிகுடியால் பிரதான வீதியைப் பிடித்து வீட்டுக்கு வரலாம். வழி நெடுக ஊரும் வயலும் வாவியும்தான். இதை ஒரு தரம் ஓடிக் காட்டினால், உன்னிச்சைக்கு வீட்டில் பாதி அனுமதி கிடைத்த மாதிரி. அடுத்த முறை மறிக்கிறவரையும் ஒரு சைக்கிளில் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நான் ஒரு விவசாயி. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் கியர் சைக்கிளில் வந்து எங்கள் குளக்கட்டின் சரிவில் ஏறி இறங்கி விளையாடுகிறார்கள். மழை நாளிலும் வருகிறார்கள். கேட்டால், “சைக்கிள்தானே, பாரமா?” என்கிறார்கள். நீங்கள் எழுதுவதைப் படித்துத்தான் வருகிறார்களோ தெரியாது.
— வவுணதீவுப் பக்க வாசகர்

பதில்: அண்ணன், உங்கள் பக்கம்தான் நியாயம். அவர்களுக்கு விளங்குவதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிள்ளைகளே, பாரம் அல்ல பிரச்சினை. குளக்கட்டு என்பது மண். வெளிச்சரிவில் முளைத்திருக்கும் புல்தான் மழையில் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஈரமான நாளில் டயர் மேலிருந்து கீழே இறங்கினால் புல் கிழிந்து ஒரு கோடு விழும், இரண்டு விரல் ஆழம். அடுத்த மழையில் கட்டின் மேலே விழும் தண்ணீர் முழுக்க அந்தக் கோட்டைத் தேடி ஓடும். ஒரு மாரி முடிய அது முழங்கை ஆழமாகிவிடும். பிறகு அதில் மாடு இறங்கும். அப்புறம் வாய்க்கால் மாதிரி ஒரு வெட்டு, அதை மூடக் கிறவல், ஆள், காசு எல்லாம் வேண்டும். சிறிய குளங்களில் அதைச் செய்வது யார்? விவசாயிகள்தான், சொந்தக் கையால். ஒரு கட்டு உடைந்தால் அந்த வட்டை முழுவதும் அந்தப் போகம் போய்விடும். நீர்ப்பக்கம் அடுக்கியிருக்கும் கல்லும் அப்படித்தான். அலை மண்ணைத் தின்னாமல் இருக்க வைத்த கல் அது. அதில் குதித்து விளையாடிக் கழற்றிப் போடாதீர்கள்.

கட்டின் மேல் வண்டிப் பாதை இருந்தால், காய்ந்த நாளில், அந்தப் பாதையில் மட்டும் ஓடுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கட்டுப் பக்கமே போகாதீர்கள். வான்கதவு திறந்திருக்கும் காலம் அது, கீழே வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். வாய்க்கால் பாதை உழவு இயந்திரத்துக்காகப் போட்டது. எதிரே இயந்திரம் வந்தால் நீங்கள்தான் இறங்கி ஒதுங்க வேண்டும். வெட்டுக் காலத்தில் வீதியில் நெல் காயப் போட்டிருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரத்தால் நடவுங்கள். ஒரு வருசச் சோறு அது.

அண்ணன், வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிற உங்கள் வட்டவிதானையிடமும் சொல்லுங்கள். எந்தப் பாதையால் போகலாம், எந்த மாதம் கூடாது என்று ஒரு பலகை எழுதிக் கட்டில் வைத்தால், வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்பார்கள். விடாமல் சரிவில் ஏறுகிறவனை மறிக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: லகுகல, குமண தேசியப் பூங்காக்களுக்குள் மாணவர்களைச் சைக்கிளில் கூட்டிப் போகலாமா?
— ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம் ஐயா. தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டோடு வாகனத்தில்தான் போக வேண்டும், நினைத்த இடத்தில் இறங்கவும் கூடாது. லகுகல 1,554 ஹெக்டேயர்தான், ஆனால் குளத்தில் வளரும் புல்லுக்காக வருகிற யானை அதிகம். பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவைக்குப் போகிற வீதியே அதன் ஓரத்தால்தான் போகிறது. பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப் போங்கள். சைக்கிளுக்கு உங்கள் ஊரிலிருந்து திருக்கோவில் கடற்கரை வரைக்கும் போய் வருவது போதும், நல்ல கடல், நல்ல கோயில்.

கேள்வி: மலைச் சைக்கிள் வாங்கக் காசு சேர்க்கிறேன். 29 அங்குலச் சில்லு, முன்னும் பின்னும் ஸ்பிரிங், டிஸ்க் பிறேக் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். குடும்பிமலைப் பக்கம் ஓடத்தான் ஆசை.
— உயர்தர மாணவன், வாழைச்சேனை

பதில்: தம்பி, பின் ஸ்பிரிங் வேண்டாம். மலிவு விலையில் வருகிற பின் ஸ்பிரிங் பாரத்தைக் கூட்டும், நீ உழக்குகிற பலத்தில் ஒரு பங்கைத் தின்னும், ஒரு வருசத்தில் ஆடத் தொடங்கும். முன்னுக்கு மட்டும் இருந்தால் போதும். 29 அங்குலம் குழிகளில் நன்றாக உருளும், உண்மைதான். ஆனால் கிரானுக்கு அப்பால் டியூப் வெடித்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பது 26 அங்குலம்தான். எண்ணெயில் இயங்கும் பிறேக்கைவிட, கம்பியில் இழுக்கும் டிஸ்க் பிறேக் உனக்கு நல்லது. ஒரு சாவியோடு வீதியோரத்தில் திருத்தலாம். நல்ல நிலையில் ஒரு பழைய ஜப்பான் சைக்கிள் கிடைத்தால் புதுசுக்குக் காத்திராதே. இந்த விளையாட்டே 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், பழைய கனத்த சைக்கிள்களைத் திருத்தி மலையிறங்கினவர்களால்தான் வளர்ந்தது. 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்கும் போய்விட்டது.

குடும்பிமலைக்குக் கிரான், புலிபாய்ந்தகல் வழி. மாரியில் அந்த வீதி வெள்ளத்தில் மூடி, ஊர்ச் சனமே படகில்தான் போகும். வைகாசிக்குப் பிறகு, பெரியவர் ஒருவரோடு போ. மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. என்றாலும் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதே, கிடக்கிற இரும்பு எதையும் தொடாதே.

கேள்வி: படுவான்கரைப் பக்கம் போனாலே முள் ஏறிக் காற்றுப் போகிறது. ஒட்டிக்கொண்டு வந்தாலும் அடுத்த நாள் மறுபடி போகிறது. என்ன வழி?
— செட்டிபாளையம் வாசகர்

பதில்: அநேகமாக முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கும். டியூபை ஒட்டுகிறவர்கள் டயரைப் பார்ப்பதில்லை. நெருஞ்சி முள் வெளியே முறிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாக ஒரு சுற்றுத் துடையுங்கள், பிறகு எதிர்ப்பக்கமாகவும் ஒரு சுற்று. முள் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே துணியின் நூல் இழுபடும். அந்த இடத்தை மடித்துப் பிடித்து, சின்னக் குறட்டால் உள்ளிருந்து இழுத்தெடுங்கள். ஒன்று கிடைத்ததென்று நிறுத்தாமல் சுற்றை முடியுங்கள்.

அடுத்தது, ஒரு பழைய டியூபை நீளப்பாட்டுக்கு வெட்டி, வால்வுத் துண்டை நீக்கி, டயருக்கும் நல்ல டியூபுக்கும் இடையே பட்டியாக வையுங்கள். கொஞ்சம் பாரம் கூடும், ஆனால் சின்ன முள் உள்ளே எட்டாது. காற்றைக் கல்லு மாதிரி அடைக்க வேண்டாம். கிறவலிலும் மணலிலும் கட்டைவிரலால் அமுக்கினால் சற்று உள்வாங்குகிற அளவு போதும், மிகவும் குறைத்தால் றிம் இடித்து டியூப் கிழியும். ஓடும்போது பையில் ஒரு டியூப், ஒட்டுச் சாமான், காற்றடிக்கும் பம் மூன்றும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் செயினை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, காயவிட்டு எண்ணெய் போடுங்கள். வாவிக்கரை உப்புக்காற்றில் கழுவாத செயின் ஒரு கிழமையில் துருப்பிடிக்கும்.