ஸ்கேன் இருக்கும்போது கடிதம் எதற்கு?

கேள்வி: தாத்தாவின் கடிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டேன். நகல் கையில் இருக்கிறதே, தாள்களைக் கழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவன், கெஞ்சியே கேட்கிறேன். ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நீர்க்குறி தெரியலாம், பேனா அழுந்திய தடம், சுரண்டி அழித்த வரி, மடிப்போரத்துப் பென்சில் குறிப்பு தெரியலாம். ஸ்கேனில் இவற்றில் பலவும் பதிவதில்லை.

கணினிக் கோப்பின் கதை வேறு. கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண் உண்டு; எஸ்.எச்.ஏ-256 மதிப்பு என்பார்கள். இரண்டு கோப்புகளுக்கும் அது ஒன்றாக இருந்தால், எது மூலம், எது நகல் என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு பிட் மாறினாலும் மதிப்பு அடியோடு மாறிவிடும். ஆகவே ஸ்கேன்களைச் செய்திச் செயலியில் படமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். பெரும்பாலும் சுருக்கிவிடும், திரும்ப வருவது வேறு கோப்பு.

சிற்பக்கலை இன்னும் சிக்கலானது. பிரெஞ்சுச் சிற்பி ரொதான் 1917-இல் மறைந்தார். அவருடைய அச்சுகளிலிருந்து பாரிஸ் ரொதான் அருங்காட்சியகம் பிற்பாடு வார்த்த வெண்கலச் சிலைகளும், பிரெஞ்சு விதிப்படி ஒரு படைப்புக்கு 12 வரை, மூலங்களே. இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. கலைஞர் கண்ணால் பார்க்காத வார்ப்பு அது.

கடிதங்களை அமிலமற்ற உறையில் போட்டு, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள். ஸ்டேப்பிள் பின்களை எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும்.